எட்டு நாணயங்கள், ஒரு தராசு, ஒரு காந்தம்

பண்டார் தெங்காராவில் ஒரு வீட்டுச் சமையலறை. மேசைமேல் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார்கள். எட்டு இந்திய நாணயங்கள். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் அவற்றைப் பளபளப்பாக்க ஒரு கிண்ணத்தில் புளியை ஊறவைத்துவிட்டான். அடுப்பருகே நின்ற பாட்டி திரும்பிப் பார்த்தார்.

“தேய்க்காதேடா ஐயா. அது உங்க பூட்டன் இடுப்புல முடிஞ்சு கொண்டுவந்த காசு.”

“கறுத்துக் கிடக்கே பாட்டி. இதுக்கு லட்சக்கணக்குல வெள்ளி கொடுப்பாங்கன்னு போன்ல போட்டிருக்கான்.”

பாட்டி சொன்னதும் பேரன் சொன்னதும் நமக்கு வேண்டியவைதான். இந்த நாணயம் எங்கிருந்து வந்தது? இதன் மதிப்பு என்ன? இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு பதிலை நாமே கண்டுபிடிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, ஒரு காந்தம், ஒரு குவளைத் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும். நாணயத்தின் முகத்தில் இருப்பது அரசாங்கம் சொல்ல விரும்பியது. அது சொல்லாமல் விட்டதை உலோகத்தில் தேடலாம்.

பண்டார் தெங்காரா பழைய ஊர் அல்ல. ஜோகூரின் தென்கிழக்கை மேம்படுத்த 1972-இல் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியம் உருவாக்கிய நகர்களில் ஒன்று. சுற்றிலும் செம்பனை. ஆனால் அங்கே குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த டின்களுக்குள் ஊரைவிட வயதான பொருள்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

முதலில் பழைய கணக்கு

டின்னில் இருந்தவற்றை ஆண்டு வரிசையில் அடுக்குவோம். 1862 ஆண்டிட்ட ஒரு ரூபாய். மேலே சங்கிலி கோக்க வளையம் பற்றவைத்திருக்கிறது. 1918 ஒரு ரூபாய். 1943 ஒரு ரூபாய். அதே 1943-ஐச் சேர்ந்த, நடுவில் ஓட்டையுள்ள வெண்கலக் காசு. 1947 ஒரு ரூபாய். 1965 ஒரு பைசா. 1995 ஒரு ரூபாய். எட்டாவதாக, ‘1818’ என்று எழுதிய, ராமர் சீதை உருவம் உள்ள ‘ஓர் அணா’. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

இன்று இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 100 பைசா. இது 1957 ஏப்ரல் 1-இல் தொடங்கிய கணக்கு. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. ஒரு பைசாவுக்கு 3 தம்பிடி. அதாவது ஒரு ரூபாய்க்கு 64 பைசா அல்லது 192 தம்பிடி. 16-ஐயும் 64-ஐயும் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துக்கொண்டே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனத்தில் போடக்கூடிய கணக்கு. ‘நாலணா’ என்றால் கால் ரூபாய், ‘எட்டணா’ என்றால் அரை ரூபாய் என்ற பேச்சு அணா மறைந்த பின்பும் தமிழில் தங்கிவிட்டது.

பழைய பைசாவோடு குழப்பம் வராமலிருக்க, 1957-இல் வந்த புதிய காசுக்கு ‘நயா பைசா’ (புதிய பைசா) என்று பெயரிட்டார்கள். 1964-இல் ‘நயா’ நீக்கப்பட்டது. உங்கள் நாணயத்தில் ‘நயா பைசா’ என்றிருந்தால் அது 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ஆண்டு தேய்ந்துபோயிருந்தாலும் இதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம்.

ஆண்டை எப்படிப் படிப்பது?

‘1862’ என்றிருந்தால் அது 1862-இல் அச்சிட்டதாகத்தானே இருக்கவேண்டும்? இந்த ரூபாயில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. விக்டோரியா அரசியின் உருவம் கொண்ட ரூபாய்களில் 1874 வரை ‘1862’ என்ற ஒரே ஆண்டையே தொடர்ந்து பொறித்தார்கள். பம்பாய் அக்கசாலையில் அச்சிட்ட சிலவற்றில் மட்டும் சிறு புள்ளிகள் இருக்கும். அவற்றை எண்ணி உண்மையான ஆண்டை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு தேட இது நல்ல காரணம்.

விக்டோரியாவின் பட்டமும் ஒரு குறிப்பு. ‘குயின்’ என்றிருந்தால் முந்தையது. ‘எம்ப்ரஸ்’ என்றிருந்தால் 1877-இலோ அதற்குப் பின்போ வந்தது. இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தை அவர் ஏற்ற பிறகு நாணயமும் மாறியது.

உருவத்தால் வந்த வம்பும் உண்டு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் புதிய ரூபாய் வெளிவந்தது. மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றி உருவம் உள்ள காசை எப்படிக் கையில் வாங்குவது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் நாணயங்களைத் திரும்பப் பெற்று உருக்கியது; 1912-இல் யானையைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. இன்று 1911 ரூபாயைச் சேகரிப்பாளர்கள் ‘பன்றி ரூபாய்’ என்றே அழைக்கிறார்கள். நம் 1918 ரூபாயில் இருப்பது திருத்திய யானை. உருப்பெருக்கியில் துதிக்கை தெளிவாகத் தெரியும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை அக்கசாலை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரு ரூபாயை நான்கு ஊர்க் குறிகளோடும் சேர்ப்பது பலருடைய முதல் இலக்கு. செலவும் குறைவு.

தராசும் தண்ணீரும்

இப்போது 1918 ரூபாயையும் 1943 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அகலம் ஏறக்குறைய ஒன்றே. தராசில் வைத்தால் எடையும் ஏறக்குறைய ஒன்றே: 11.6 கிராம் சொச்சம். இது ஒரு தோலா. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் மாகாணங்கள் அனைத்துக்கும் பொதுவான ரூபாயைக் கொண்டுவந்தபோது நிலைநிறுத்திய எடை. நூறாண்டு கடந்தும் அது மாறவில்லை.

ஆனால் இரண்டும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைத் தண்ணீர் காட்டும்.

செய்துபாருங்கள். குவளையில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள். பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல், முழுவதும் மூழ்குமாறு தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான், கன சென்டிமீட்டரில் நாணயத்தின் கன அளவு. நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமமான விசை நாணயத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே அளவு விசை தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தராசு அதைத்தான் காட்டுகிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இதுவே. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதால் கணக்கு எளிது. நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல உலுக்கிவிடுங்கள்.

1918 ரூபாய்: எடை 11.60 கிராம், கன அளவு 1.12. வகுத்தால் அடர்த்தி சுமார் 10.4.

1943 ரூபாய்: எடை 11.64 கிராம், கன அளவு 1.22. வகுத்தால் சுமார் 9.5.

தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்புக்கு 8.96. முதல் நாணயம் வெள்ளிக்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டாவது, வெள்ளிக்கும் செம்புக்கும் நடுவழியில் நிற்கிறது. வரலாற்றுப் பதிவும் அதையே சொல்கிறது. 1835 முதல் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.7 விழுக்காடு வெள்ளி. 1940-இல் அது 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மீதி 40 விழுக்காடு செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம்.

கிராமில் சொன்னால் இன்னும் விளங்கும். பழைய ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி. 1940-க்குப் பின் 5.8 கிராம். 1947 ரூபாயில் வெள்ளி அறவே இல்லை. அது முழு நிக்கல்.

வளையம் பற்றவைத்த 1862 ரூபாய்க்கு இந்தச் சோதனை சரிவராது. வளையமும் பற்றாசும் வேறு உலோகம் என்பதால் கணக்கு பிசகும். வளையத்தைப் பிடுங்க நினைக்காதீர்கள். யாரோ ஒருவர் கழுத்தில் அணிந்திருந்தார் என்பதும் அந்த நாணயத்தின் வரலாறுதான்.

வெள்ளி ஏன் குறைந்தது?

நாணயத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று முகத்தில் எழுதிய விலை. மற்றது உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை. எழுதிய விலை கூடுதலாக இருக்கும்வரை நாணயம் கைமாறிக்கொண்டிருக்கும். உலோகத்தின் விலை அதைத் தாண்டினால் நாணயம் பட்டறைக்குப் போய்விடும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் தாளை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். அரசாங்கத்துக்கோ போர்ச்செலவுக்கு ஏராளமான நாணயம் வேண்டும். இருக்கும் வெள்ளியை இரண்டு மடங்கு நாணயமாக்க ஒரே வழி, கலவையை மாற்றுவது. வேலைப்பாட்டை மட்டும் குறைக்கவில்லை. போலி செய்ய முடியாதபடி விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோட்டை ஓடவிட்டார்கள். 1943 ரூபாயை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

புதிய ரூபாய் வந்ததும் பழையது கடைத்தெருவில் காணாமல் போனது.  கையில் இரண்டும் இருந்தால் வெள்ளி கூடியது அடுக்குப்பானைக்குப் போகும். குறைந்தது கடைக்குப் போகும். மட்டமான பணம் நல்ல பணத்தை விரட்டும் என்று பொருளியலில் சொல்லும் கிரெஷாம் விதி இதுதான். நம் டின்னில் 1918 ரூபாய் தப்பிப் பிழைத்திருப்பதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். செலவழிக்க மனம் வராத காசு அது.

ஓட்டைக் காசும் அதே போரின் பிள்ளை. அதற்கு முந்தைய காலணா கிட்டத்தட்ட 5 கிராம். 1943-இல் வந்த ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம். வெடிகுண்டுத் தோட்டாவுக்கும் மின்கம்பிக்கும் செம்பு தேவைப்பட்டபோது, காசின் நடுவிலிருந்தே அதை எடுத்துக்கொண்டார்கள். விட்டத்தைப் பெரிதாகச் சுருக்காமல் எடையை மட்டும் குறைக்க ஓட்டை நல்ல உத்தி. தடவிப் பார்த்தாலே எந்தக் காசு என்று தெரிந்துவிடும். நூலில் கோத்து இடுப்பிலும் கட்டிக்கொள்ளலாம்.

போருக்குப் பிறகு, போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியையும் இந்தியா வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டியிருந்தது. வெள்ளி நாணயங்கள் திரும்பப் பெறப்பட, ரூபாய் நிக்கலுக்கு மாறியது.

நம் ‘வெள்ளி’யும் தப்பவில்லை

இதெல்லாம் இந்தியாவின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். சட்டைப்பையில் கைவிட்டுப் பாருங்கள்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தன. அரசாங்கக் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது. கடைத்தெருவோ ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலரை விடவில்லை. சில்லறை வேண்டுமென்று கம்பெனி 1845 ஆண்டிட்ட செம்பு சென்களை வெளியிட்டது. அவை அச்சிடப்பட்டது கல்கத்தாவில். பின்னர் 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளி டாலர் பிறந்தபோது, அதை அச்சிட்டது பம்பாய் அக்கசாலை. ஜோகூரிலும் இந்த டாலர் புழங்கியது. நாம் ‘வெளிநாட்டு நாணயம்’ என்று சேகரிப்பதும் நம் பழைய நாணயமும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

அந்த டாலரின் எடையைப் பாருங்கள். 1903-இல் 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. 1906-இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏறியதும் டாலரை உருக்குவது லாபமானது. உடனே 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. 1919-இல் 16.85 கிராம், அதில் வெள்ளி பாதிதான். 24 கிராம் வெள்ளி, 18 கிராமாகி, 8 கிராமில் வந்து நின்றது. மலாயாவின் பத்து சென்னும் 1939-இல் 75 விழுக்காடு, 1943-இல் 50 விழுக்காடு என்று இறங்கி, 1948-இல் வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கலானது. இந்தியாவில் 1947, இங்கே 1948. போர் இரு நாட்டின் காசையும் ஒரே மாதிரி கரைத்தது.

வெள்ளி போனாலும் சொல் போகவில்லை. மலேசியத் தமிழர்கள் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். ‘பத்து வெள்ளி கொடு’ என்று கேட்டு வாங்கும் தாளில் ஒரு துளி வெள்ளி இல்லை. ‘ரிங்கிட்’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் பொருள், பற்பற்களாக வெட்டுள்ள விளிம்பு. ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பைச் சுரண்டித் திருடாமலிருக்கப் போட்ட வெட்டு அது. மலாயில் பணத்துக்கு ‘டுயிட்’ என்கிறார்கள். தமிழில் ‘துட்டு’ என்கிறோம். இரண்டும் டச்சுக்காரர்களின் ஒரே செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தவை. நாணயம் மறைந்த பின்பும் அதன் பெயர் இரண்டு மொழிகளில் புழங்கிக்கொண்டிருக்கிறது.

காந்தத்தில் ஒட்டுமா?

அடுத்த கருவி காந்தம். 1918, 1943 ரூபாய்கள் ஒட்டா. வெள்ளியையும் செம்பையும் காந்தம் இழுக்காது. 1947 ரூபாய் ‘டக்’கென்று ஒட்டும். இரும்பைப் போலவே நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். வெள்ளி என்று யாராவது 1947 ரூபாயை உங்களிடம் விற்கவந்தால் காந்தத்தை எடுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். 1975 முதல் 1991 வரை வந்த இந்திய ஒரு ரூபாய் செம்பு-நிக்கல் கலவை. அதில் நிக்கல் இருந்தும் ஒட்டாது. நிக்கல் அணுக்களுக்கிடையே மூன்று மடங்கு செம்பு அணுக்கள் புகுந்துவிடுவதால், அறை வெப்பநிலையில் காந்த ஒழுங்கு அமைவதில்லை. ஆகவே ‘ஒட்டவில்லை’ என்பது வெள்ளிக்குச் சான்று ஆகாது. காந்தம் ஒரு பொய்யைப் பிடிக்க உதவும். உண்மையை நிலைநாட்ட அடர்த்தியும் வேண்டும்.

1965 ஒரு பைசாவைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. முக்கால் கிராம். சதுர வடிவம். அலுமினியமும் மக்னீசியமும் கலந்தது. நிக்கலையும் செம்பையும் அயல்நாட்டிலிருந்து வாங்கவேண்டும்; அலுமினியம் உள்நாட்டில் கிடைக்கும். 1995 ரூபாய் மறுபடி காந்தத்தில் ஒட்டும். 1992 முதல் ஒரு ரூபாய் எவர்சில்வர்: இரும்போடு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டுகள் பலவும் ஒட்டாதே என்று கேட்பீர்கள். தட்டில் நிக்கலையும் சேர்ப்பதால் எஃகின் படிக அமைப்பு மாறிவிடுகிறது. காசில் அது இல்லை. வெள்ளி போய் நிக்கல் வந்தது, நிக்கல் போய் எவர்சில்வர் வந்தது. ஒரு ரூபாய் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஒரு சென்னிலும் இதைச் சோதிக்கலாம். 1967-இன் ஒரு சென் வெண்கலம், ஒட்டாது. 1980-களின் ஒரு சென், செம்பு போர்த்திய எஃகு, ஒட்டும். தோற்றம் ஒன்றே.

எட்டாவது நாணயம்

இப்போது அந்த ராமர் அணா. ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘1818’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவை 1616, 1839 என்று பல ஆண்டுகளைத் தாங்கி, அனுமன், லட்சுமி எனப் பல உருவங்களோடு சந்தைகளில் கிடைக்கின்றன. இவை எந்த அரசாங்கத்தின் நாணயமும் அல்ல. பிற்காலத்தில் செய்த வில்லைகள்.

எப்படித் தெரியும்? கம்பெனி நாணயத்தில் தெய்வ உருவமே வராது என்று சொல்லிவிட முடியாது. மதராஸ் மாகாணத்துக்கு அது வெளியிட்ட வராகனில் திருமால் உருவம் உண்டு. 1808 அளவில் வெளிவந்த வெள்ளி நாணயத்தில் கோயில் கோபுரமும் உண்டு. சிறு வெள்ளிப் பணங்களில் தமிழ் எழுத்தும் உண்டு. எனவே உருவத்தை விட்டுவிட்டு மதிப்பைப் பாருங்கள். ‘ஓர் அணா’ என்ற முகமதிப்போடு பொது நாணயம் இந்தியாவில் வந்தது 1907 ஆண்டிட்ட செம்பு-நிக்கல் அணாவில்தான். அதன் விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். கம்பெனி 1835 முதல் வெளியிட்ட பொதுச் செப்புக்காசுகள் அரையணா, காலணா, தம்பிடி வகையைச் சேர்ந்தவை. 1616-இலோ, ஆங்கிலத்தில் அணா என்று அச்சிட்டு இந்தியா முழுவதும் புழங்கவிடும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்கவேயில்லை.

இதை ஒரு வேடிக்கைப் பொருளாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய வில்லைகளை ‘அரிசியை ஈர்க்கும் நாணயம்’, ‘இரிடியம் கலந்தது’, ‘விண்வெளி ஆய்வுக்கு வாங்குகிறார்கள்’ என்று சொல்லிப் பெருந்தொகை பறிக்கும் மோசடி தமிழ்நாட்டில் பலமுறை காவல்துறையிடம் சிக்கியிருக்கிறது. வீட்டை அடகுவைத்துப் பணம் கொடுத்தவர்களும் உண்டு.

அறிவியல் என்ன சொல்கிறது? அரிசி மாவுச்சத்து, காந்தம் அதை இழுக்காது. அரிசி நகர்ந்தால் அதில் இரும்புத்தூளைப் பூசி, வில்லைக்குள் காந்தத்தை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம் வீட்டு அரிசியை வைத்துச் செய்துகாட்டச் சொன்னால் போதும். தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பு சிறு பொருள்களை ஈர்க்குமே என்றால், அது நிலைமின்சாரம். கையில் பிடித்த உலோகத்தில் அந்த மின்னூட்டம் தங்காமல் உடல் வழியே வடிந்துவிடும்.

இரிடியம்? அதன் அடர்த்தி 22.5. வெள்ளியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நம் எட்டாவது வில்லை 10.2 கிராம், தண்ணீரில் 1.2 கன சென்டிமீட்டர். அடர்த்தி 8.5. பித்தளை. முழுக்க இரிடியமாக இருந்தால் 27 கிராம் காட்டியிருக்கவேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.

புளி ஏன் கூடாது?

வெள்ளியின் மேலுள்ள கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி கூடி உண்டான வெள்ளி சல்பைடு. அதாவது, நாணயத்தின் மேல்தோலே அப்படி மாறியிருக்கிறது. தேய்த்தால் அந்தத் தோலோடு யானையின் துதிக்கையும் புள்ளிகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். செம்பிலும் வெண்கலத்திலும் புளியின் அமிலம் மேற்படலத்தைக் கரைத்து, புதிய உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. பளபளக்கும், சில வாரங்களில் திட்டுத்திட்டாக மறுபடி கறுக்கும். தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையும் விழுந்துவிடும்.

விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் அமிலம் கசிந்து பச்சைப் பிசுக்கு படியும். ரப்பர் வளையமும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். பாலியெஸ்டர் உறையும், நம் ஊர் ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டு வையுங்கள்.

சட்டமும் நோட்டுப் புத்தகமும்

இந்தியா சென்றால் நாணயம் வாங்க ஆசை வரும். நூறு ஆண்டும் அதற்கு மேலும் பழமையான நாணயங்களை, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. புதியவற்றையே தேர்ந்தெடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழையவற்றைக் கண்ணாரப் பார்க்கலாம். இங்கே கோலாலம்பூரில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் நாணயக் காட்சிக்கூடம் இருக்கிறது. ஜோகூர் ஆற்றங்கரையில் பழைய ஜோகூர் அரசின் எண்கோணத் தங்கக்காசுகள் புழங்கிய காலம் உண்டு. மண்ணிலோ ஆற்றிலோ புதையலாக எதுவும் கிடைத்தால், 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பக்கம். ஆண்டு, முகமதிப்பு, அக்கசாலைக் குறி, எடை, கன அளவு, அடர்த்தி, காந்தத்தில் ஒட்டியதா இல்லையா. அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள்: யார் கொண்டுவந்தார்? எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்திலிருந்து? உலோகம் இன்னும் நூறாண்டு கழித்தும் தன் கதையைச் சொல்லும். இந்த இரண்டு வரிக்கான பதில் பாட்டி, தாத்தாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

அந்தச் சமையலறையில் புளி ரசத்துக்குப் போயிற்று. பேரன் நோட்டைத் திறந்து, ஓட்டைக் காலணாவை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினான்.

“இதை யாரு பாட்டி கொண்டுவந்தா?”

“உங்க தாத்தா. சின்னப் பிள்ளையில ரஜூலா கப்பல்ல வந்தப்போ, அவங்க அம்மா கழுத்துல கோத்துவிட்டது. நாகப்பட்டணத்துல ஏறுனாங்களாம். எழுதிக்கோ.”